கழிவு நீக்கிய படிப்பு

என் பெயர் பகவதிப்பெருமாள். வயது இருபத்திரண்டு. இப்போது இருப்பது திருவனந்தபுரம் ஆரியசாலையில், ஆறுமுகசாமி முதலாளியின் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல் மாடியில். ஆரல்வாய்மொழி செங்கல் சூளையில் வேலை பார்க்கிற வேலப்பனுக்கும் மாடம்மாளுக்கும் மகன். இந்தக் கடிதம் அவர்களுக்குத்தான். ஆனால் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா ஆவுடைத்தாயைத் தை மாதம் வள்ளியூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம். அதனால் இதை இப்போது கையில் வைத்திருக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் கடை சாம்பசிவன் அண்ணனாக இருக்கலாம். அவர் இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற யாராவது.

எப்போதும் கையால்தான் எழுதுவேன். இந்தத் தடவை டைப் அடித்து வருகிறது. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிர்ச் சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கும் விஜயம் மாமி, நான் சொல்லச் சொல்ல, என் பேச்சை எழுத்துத் தமிழாக்கி அடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் டைப் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் விஷயம். நான் எம்.சி.ஏ. படிக்கவில்லை.

மாமி இந்த வரியை அடித்துவிட்டு நிறுத்தினார். "இதை இவ்ளோ மேலேயே போடணுமாடா? பெத்தவா பயந்துட மாட்டாளா?" என்றார். இருக்கட்டும் என்றேன். கீழே போடலாம் என்று வைத்தால், கீழே வருவதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும்.

மே மாதத்திலிருந்து சொல்கிறேன்.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்து இரண்டு வருடமாக மண்டியில் இருக்கிறேன் அல்லவா. கம்ப்யூட்டர் படித்தால் வேலை என்று எல்லோரும் பேசினார்கள். மூன்று இடத்தில் விண்ணப்பம் வாங்கினேன். மூன்றுக்கும் பெயர் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒன்று எம்.சி.ஏ., மூன்று வருடம், அரசுக் கல்லூரியில். இரண்டாவது எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ், இரண்டு வருடம், பல்கலைக்கழகத்தில். மூன்றாவது தம்பானூரில் ஒரு ஓட்டல் மாடியில் இருக்கிற தனியார் நிலையத்தில். 'மாஸ்டர் டிப்ளமோ இன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்'. அதாவது எம்.டி.சி.ஏ. ஒரே வருடம்.

எதைப் படிப்பது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. வத்தல் பொட்டலம் கட்டுகிற பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து, மூன்று கோடு போட்டு, மூன்றின் பாடத்திட்டத்தையும் வரிசையாக எழுதினேன். எழுதிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தரம் பார்த்தேன்.

எங்கள் மண்டியில் சரக்கு இறங்கினால், சாக்கின் மேல் மையால் அடித்திருக்கிற மார்க்காவை யாரும் பார்க்கிறதில்லை. அதே மார்க்காவில் நல்ல வத்தலும் வரும், நனைந்து காய்ந்ததும் வரும். சாக்கின் வாயைப் பிரித்து, நடுவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முறத்தில் போடுவோம். காம்பு, தூசி, சொத்தை எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து நிறுப்போம். அதுதான் கழிவு. கழிவு எந்தச் சாக்கில் குறைவோ அதுதான் முதல் தரம். இரண்டு வருடமாக என் வேலையே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

படிப்புக்கும் அதையே செய்தேன். எம்.சி.ஏ.யில் முதல் வருடம் முழுக்கக் கணக்கு, புள்ளியியல், கணக்குப்பதிவு. கணக்கும் புள்ளியியலும் பி.எஸ்ஸி.யில் படித்தாயிற்று. கணக்குப்பதிவு தினமும் மண்டியில் பார்க்கிறேன். அப்படியானால் ஒரு வருடம் கழிவு. எம்.எஸ்ஸி.யில் பாதிக்குப் பாதி வெறும் தியரி, கம்ப்யூட்டரைத் தொடுகிறதே இரண்டாம் வருடத்தில்தான். அதிலும் கழிவு. ஓட்டல் மாடிப் படிப்பில் முதல் நாளிலிருந்தே கோபால், பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழிகள், ஃபுளோசார்ட். காம்பு இல்லை, தூசி இல்லை. ஒரே வருடம், எல்லாம் சரக்கு.

பழுப்புக் காகிதத்தில் அதற்கு நேரே 'முதல் தரம்' என்று எழுதி வட்டம் போட்டேன். அந்தக் காகிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அந்த நிலையத்துச் சுவரில் ஒரு மாதிரிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். தங்க எழுத்து. அடியில் யார் முத்திரை என்று நான் பார்க்கவில்லை. அது சாக்கு மார்க்காதானே என்று விட்டுவிட்டேன்.

மற்ற இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுத்தான் வைத்திருந்தேன். எம்.எஸ்ஸி.க்கு என் பெயர் வரவில்லை. எம்.சி.ஏ.வில் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது. அது இனி நகராது என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஓட்டல் மாடி நிலையத்து இங்கிலீஷ் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது அப்பாவுக்கு நினைவிருக்கும். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஒரு கட்டம் இருந்தது. அப்பா கட்டை விரலை நீட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். இவ்வளவு பெரிய படிப்புக்குக் கைநாட்டா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'வேலப்பன்' என்று எழுதிக்கொடுத்தேன். அப்பா மூன்று நாள் சூளையிலிருந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதினார். அம்மா சிரித்தாள். "கல்ல அறுக்க மாதிரி இருக்கு ஒங்க எழுத்து" என்றாள். அப்பா, "கல்லு அறுத்தாத்தான்டீ வீடு" என்று சொல்லிவிட்டு இன்னொரு தாளைக் கேட்டார். மூன்றாம் நாள் ஃபாரத்தில் போட்டார்.

அந்த ஃபாரத்தையும் என் டி.சி., டிகிரி, மார்க் பட்டியல் எல்லாவற்றின் அசலையும் நிலையத்து மேனேஜரிடம் கொடுத்துச் சேர்ந்தேன்.

படிப்பு ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். திரை போட்டு, ஏ.சி. வைத்து, கல்யாணப் பெண்ணை வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். முதல் நாள் நான் மண்டியிலிருந்து நேராகப் போய்விட்டேன். மூடின அறை. ஐந்து நிமிடத்தில் உள்ளே இருந்த எட்டுப் பேரும் தும்மினார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நினக்கு முளகு கச்சவடமாணோ?" என்று கேட்டார். மிளகாய் வியாபாரமா என்று கேட்கிறார். அதிலிருந்து குளித்து வேறு சட்டை போட்டுத்தான் போவேன். ஆனால் அந்த அறைக்குள் வாரத்துக்கு இருபது நிமிடம்தான். அதுவும் இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி.

சேர்ந்ததும் வீட்டுக்குக் கடிதம் போட்டேன். 'எம்.சி.ஏ. மாதிரி ஒரு படிப்பில் சேர்ந்துவிட்டேன்' என்று எழுதினேன். ஒரு வருடம்தான், டிப்ளமோதான் என்பதைத் தாளின் ஓரத்தில், மடிக்கிற இடத்தில், பொடி எழுத்தில் எழுதினேன். வேண்டுமென்றே அப்படி எழுதினேனா என்றால், வேண்டுமென்றேதான். எம்.சி.ஏ. என்று காதில் விழட்டும், மற்றது விழாவிட்டால் என் தப்பு இல்லை என்று நினைத்தேன்.

இந்த மாதம் ஐந்தாம் தேதிதான் எல்லாம் தெரிந்தது.

எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி விளம்பரம் கொடுத்திருந்தது. எம்.சி.ஏ.யோ எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டரோ படித்துக்கொண்டிருக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். பயோடேட்டா டைப் அடிக்க விஜயம் மாமியிடம் வந்தேன். அன்றைக்குத்தான் மாமியை முதலில் பார்த்தது. இங்கேயே ஸ்ரீவராகத்தில் வீடு. காலை எட்டு மணியிலிருந்து வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் படிப்பைத்தான் அடித்துக்கொண்டிருப்பார்.

"படிப்பு?" என்றார்.

"பி.எஸ்ஸி. மேத்ஸ். இப்பம் எம்.டி.சி.ஏ."

"எம்.சி.ஏ.வா?"

"இல்ல மாமி. நடுவுல ஒரு டி உண்டு."

"சரி, அது எந்த யுனிவர்சிட்டி?"

நிலையத்தின் பெயரைச் சொன்னேன். மாமி டைப்பை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அது தம்பானூர் ஓட்டல் மாடின்னா? கீழே புட்டும் கடலையும் விக்கறா, மேலே படிப்பு. அது எப்போடா யுனிவர்சிட்டி ஆச்சு?"

"யுனிவர்சிட்டி இல்ல மாமி. கோர்ஸ் நல்ல கோர்சாக்கும். கழிவே கிடையாது."

"என்ன கிடையாது?"

நான் என் பழுப்புக் காகிதக் கணக்கைச் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. மூணும் ஒரே ஆத்துக் கொழந்தைகள் மாதிரி பேர் வெச்சுண்டிருக்கு. ஆனா ரேஷன் கார்டுல ரெண்டு பேர்தான் இருக்கா, கேட்டியோ. எம்.சி.ஏ.யும் எம்.எஸ்ஸி.யும் டிகிரியாக்கும். யுனிவர்சிட்டி சீல் போட்டுக் குடுப்பா. உன்னோடது அந்த மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற காயிதம். தினம் முப்பது மனு அடிக்கறேன், இந்தக் கம்பெனிக்காராள்ளாம் மொதல்ல பாக்கறது எது? என்ன படிச்சேங்கறதே அப்பறம்தான். யாரு சீலுன்னுதான் பாப்பா."

"உள்ள இருக்க சரக்கைப் பாக்க மாட்டாங்களா?"

"சீல் இருந்தாத்தாண்டா கூப்பிடவே போறா. கூப்பிட்டாத்தானே சரக்கு?"

பயோடேட்டா அடிக்காமலே எழுந்து ஓடினேன். பழவங்காடியிலிருந்து தம்பானூர் வரை ஓட்டம்தான். மாடிப்படியில் ஏறிச் சுவரில் இருந்த அந்தச் சான்றிதழைப் பார்த்தேன். தங்க எழுத்துக்கு அடியில் மேனேஜர் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் அவர் தம்பி கையெழுத்து. வேறு ஒன்றுமே இல்லை. இரண்டு மாதமாக அதற்கு அடியில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. டிப்ளமோ என்றுதான் எழுதியிருந்தார்கள். நான்தான் மார்க்காவைப் பார்க்க வேண்டிய இடத்தில் சாக்குக்குள் கையை விட்டேன்.

மண்டிக்குத் திரும்பினதும் என் முகத்தைப் பார்த்து ஆறுமுகசாமி முதலாளி கேட்டார். சொன்னேன். அவர் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏலே பெருமாளு, வத்தலைப் பாக்க மாதிரியாலே படிப்பைப் பாத்தே? ஒன்ன வேலைக்கு வச்சவன்லா மொத முட்டாப்பய!" என்றார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள்தான் அந்த அட்டை வந்தது. அரசுக் கல்லூரியிலிருந்து. காத்திருப்போர் பட்டியல் நகர்ந்திருக்கிறது. ஆகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எம்.சி.ஏ. நேர்முகம். இரண்டு இடம், மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடியில் கோடு போட்டு அடித்திருக்கிறது: அசல் டி.சி.யும் சான்றிதழ்களும் கையில் இல்லாதவர் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார். மறுமுறை அழைப்பு இல்லை.

அசல் எல்லாம் ஓட்டல் மாடியில் பீரோவுக்குள் இருக்கிறது.

மேனேஜரிடம் போனேன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. விலகல் ஃபாரம் ஒன்றை நீட்டினார். "சேரும்போள் ஒப்பிட்டது அச்சனல்லே? போகும்போளும் அச்சன் ஒப்பிடணம். அது இவிடத்தெ நியமமாணு" என்றார். சேர்க்கும்போது அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், எடுக்கும்போதும் அவர்தான் போட வேண்டும், இங்கே அதுதான் சட்டம் என்கிறார். கைநாட்டு போதுமா என்று கேட்டேன். ஃபாரத்தில் கையெழுத்து இருக்கிறது, அதோடு ஒத்துப் பார்ப்பேன், கைநாட்டு எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றைக்கு அப்பாவின் விரலைத் தடுக்காமல் இருந்திருந்தால் என்று எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ஏன் திடீரென்று வந்தான் என்று அம்மா யோசித்திருப்பாள். அந்த ஃபாரம் நாலாக மடித்து என் சட்டைப் பையில் இருந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தக்கலை தாண்டும்போது ஒரு மாதிரி ஆரம்பம் கிடைத்தது. ஆரல்வாய்மொழியில் இறங்கினால் சைக்கிள் கடை முன்னால் அப்பா நிற்கிறார். சூளைக்கூட்டாளிகள் நாலு பேர் கூட நின்றார்கள்.

"இன்னா வந்துட்டாம்லா! எம்.சி.ஏ.ன்னா என்னான்னு தெரியுமாடே ஒங்களுக்கு?" என்று அப்பா அவர்களைக் கேட்டார். "எம்.ஏ.வுக்கு எடையில ஒரு எழுத்து கூட உண்டு. அப்பம் எம்.ஏ.வை விடப் பெருசுதானடே?"

ஒருவர், "அப்பம் மூணு வருசம் உண்டுமா மக்கா?" என்று என்னைக் கேட்டார்.

நான் சாம்பசிவன் அண்ணனைப் பார்த்தேன். அவர் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே கண்ணைச் சிமிட்டினார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "ஒன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு. ஓரத்துல என்னமோ எழுதியிருந்தே. ஒரு வருசம், டிப்ளமோன்னு. ஒங்கப்பன் மொகத்தைப் பாத்தேன். வாசிக்க மனசு வரல. புரியலைன்னு விட்டுட்டேன்" என்றார்.

நல்ல மனசுதான். ஊரில் கடிதம் வாசிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே. கெட்ட சேதி வந்தால் மெள்ளத் தாண்டிவிடுவார்கள். பிறகு யாராவது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று. சாம்பசிவன் அண்ணே, இதை வாசிக்கிறது நீங்கள் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஓரத்தில் எழுதினவன் நான். ஆனால் டைப் அடித்தது புரியவில்லை என்று சொல்ல முடியாதே. அதற்காகத்தான் டைப்.

அன்றைக்கு அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்து அப்பா வெற்றிலை போடும்போது சொல்லலாம் என்று பார்த்தேன். அப்பா எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க வேலப்பன், வேலப்பன், வேலப்பன். "இப்பமும் எழுதுகேன். கை மறந்துரப்பிடாதுல்லா. நீ மூணு வருசம் கழிச்சுப் பாசாவும்போ எங்கயாவது ஒப்புப் போடச் சொன்னா?" என்றார்.

நான் மூன்று மணி வண்டிக்குத் திரும்பிவிட்டேன். ஃபாரம் சட்டைப் பையிலேயே இருந்தது. வேர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

மண்டியில் என்னோடு மாடியில் தங்குகிறவன் லிங்கம். சாக்குத் தைக்கிறவன். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா ஊருக்குப் போயிட்டு வந்தே? அஞ்சு எழுத்து. நான் போடுகேன்லே" என்றான். சாக்கில் மை மார்க்கா எழுதுகிறதும் அவன்தான், கை அச்சு மாதிரி ஓடும். வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, வேறொரு வெள்ளை ஃபாரம் வாங்கி வரச் சொல்லி, அதில் 'வேலப்பன்' என்று போட்டுக் கொடுத்தான். அழகாக இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியாமலே எம்.சி.ஏ.வில் சேர்ந்துவிடலாம், பொய் சொன்னது பொய்யாகவே போகாமல் உண்மையாகிவிடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன்.

நேற்று வியாழக்கிழமை மதியம் ஓட்டல் மாடிக்குப் போனேன். ஃபாரம் கையில் இருந்தது. மேனேஜர் ஒத்துப் பார்ப்பதற்காக என் ஃபைலை எடுத்து மேசையில் விரித்தார். ஜூன் மாத ஃபாரம் மேலே இருந்தது.

அந்த ஃபாரத்தில் அப்பா போட்டதை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. 'வே' கட்டத்துக்குள் பெரிதாக ஆரம்பித்திருக்கிறது. போகப் போக இடம் போதவில்லை. 'ப்ப'வுக்கு மேல் இருக்கிற புள்ளி தாளில் ஓட்டை விழுகிற அளவுக்கு அழுந்தியிருக்கிறது. கடைசி 'ன்' கட்டத்தைத் தாண்டி, அச்சடித்த இங்கிலீஷ் எழுத்தின் மேலே போய் ஏறி நிற்கிறது. பக்கத்தில் விரல் பட்ட இடத்தில் செம்மண் கறை. சூளை மண்.

மேனேஜர் கையை நீட்டினார். "கடலாசு எவிடெ?" காகிதம் எங்கே என்கிறார்.

நான் லிங்கம் போட்டுக் கொடுத்ததை மறுபடி மடித்தேன். "அப்பா இன்னும் போடல்ல சார்" என்றேன்.

"பின்னெ எந்தினா வந்நது?"

பிறகு எதற்கு வந்தாய் என்கிறார். இறங்கி வந்துவிட்டேன். லிங்கம் என்னைப் பார்த்து, "பொழைக்கத் தெரியாத பயலே" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். அவன் போட்ட ஃபாரத்தைக் கிழித்துவிட்டேன். அப்பா முதல் தடவையாகப் பேர் எழுதினது தப்பான காகிதத்தில் ஆகிவிட்டது. இரண்டாவது தடவையையும் வேறு ஆள் போட்டால் நன்றாக இருக்காது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, பதினைந்தாம் தேதி. மண்டி லீவு. கொடி ஏற்றிவிட்டு முதலாளி மிட்டாய் கொடுத்தார். மாமியின் இன்ஸ்டிட்யூட்டும் லீவுதான், எனக்காகப் பூட்டைத் திறந்தார். "நேர்ல போய்ச் சொல்லேன்டா, ரெண்டு மணி நேரம்தானே" என்று மாமியும் கேட்டார். நாளையிலிருந்து ஓணச் சரக்கு இறங்குகிறது, ஞாயிறும் மண்டி உண்டு, முதலாளி எனக்கு இருபத்திரண்டாம் தேதி ஒரு நாள்தான் விட்டிருக்கிறார். அது ஒரு காரணம். இன்னொன்று, வந்தாலும் நான் பேச மாட்டேன். காலண்டரைப் பார்ப்பேன், மீன் குழம்பு சாப்பிடுவேன், திரும்பிவிடுவேன்.

அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும். எம்.சி.ஏ. கிடைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு இடத்துக்கு மூன்று பேர். ஒருவன் திரும்பத்தான் போக வேண்டும், அது நானாக இருக்கலாம். அப்படி ஆனால் ஓட்டல் மாடியும் போய்விட்டிருக்கும், ஒன்றும் இல்லாமல் மண்டியில்தான் இருப்பேன். சூளையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். அக்கா வீட்டிலும் கேட்பார்கள். அது எல்லாம் தெரிந்தபிறகும் அப்பா கையெழுத்துப் போடுவதானால் போடட்டும். வேண்டாம் என்று நினைத்தால் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிற விலகல் ஃபாரத்தை வெறுமனே திருப்பி அனுப்பட்டும். அதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மாமி கேட்கிறார்: "அம்மாக்கு ஒரு வரி போட வேண்டாமா?" அம்மாவுக்கு: நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிடும்போது நான் பேசாமல் இருந்தது குழம்பால் இல்லை.

இப்போது வாசிக்கிறவருக்கு. நீங்கள் யார் என்று தெரியாது. அண்ணனோ, அக்காவோ, வழியில் போகிறவரோ. இதுவரை எதையும் தாண்டி வாசித்திருந்தால், தயவுசெய்து மேலே போய் 'நான் எம்.சி.ஏ. படிக்கவில்லை' என்ற வரியிலிருந்து மறுபடி வாசியுங்கள். அப்பா முகத்தைப் பார்க்காதீர்கள், தாளைப் பார்த்து வாசியுங்கள். முடித்ததும் உள்ளே இருக்கிற ஃபாரத்தை அவரிடம் கொடுங்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில்தான் போட வேண்டும். கட்டம் சின்னது, வெளியே போனாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். அவருக்காக வேறு யாரும் போட வேண்டாம். கூட ஒரு தபால் தலை ஒட்டின உறை வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தபால் எடுப்பதற்கு முன்னால் பெட்டியில் போட்டால் வியாழக்கிழமை என் கைக்கு வந்துவிடும், அன்றைக்கே மேனேஜரிடம் கொடுத்து அசலை வாங்கிவிடுவேன். நேரம் தப்பினால், வியாழக்கிழமை காலை ஆறரை திருவனந்தபுரம் வண்டிக் கண்டக்டரிடம் கொடுங்கள். ஆரியசாலை ஆறுமுகசாமி வத்தல் மண்டி என்று சொன்னால் போதும், நான் தம்பானூர் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வேன். அதை மட்டும் செய்து தாருங்கள்.